கொரில்லா படத்தில் மாப்பிள்ளை பார்த்தது

பஞ்சநாதனுக்கு பிரான்ஸ் மாப்பிள்ளை வேண்டும். வேறு ஆசையே அவருக்கு இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் மற்ற ஆசைகளெல்லாம் இதற்குப் பின்னால் வரிசையில் நின்றன. காரைக்காலில் பெண்ணைப் பெற்றவர்களுக்கு இந்தக் காய்ச்சல் வருவது புதிதில்லை. டாக்டர் மாப்பிள்ளையும் என்ஜினீயர் மாப்பிள்ளையும் பக்கத்து நாகப்பட்டினத்திலும் கிடைப்பார்கள். பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள மாப்பிள்ளைக்குப் புதுச்சேரிக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் இங்கே தேட வேண்டும். அவருடைய திருநள்ளாற்றுச் சகலைக்கு அப்படி ஒருவர் வாய்த்துவிட்டார். அந்த மருமகன் கொண்டுவந்த சீஸ் டப்பாவை ஒரு காதுகுத்து வீட்டில் எல்லோர் மூக்குக்கும் கீழே நீட்டினார் சகலை. வாடையைப் பொறுத்துக்கொண்டு ‘ஆகா’ என்று சொல்லிவிட்டு வீடு திரும்பிய பஞ்சநாதன், இரவு சாப்பிடாமலே படுத்துவிட்டார். வயிறு சரியில்லை என்று மனைவி சந்திரலேகாவிடம் சொன்னார். சரியில்லாதது வயிறல்ல.

காரைக்காலை அடுத்த நெரவியில் சொந்த வீடு, கொஞ்சம் நஞ்சை, பொதுப்பணித் துறையில் கண்காணிப்பாளர் வேலை, ஒரே பெண். தேடுவதற்கு அவருக்கு எல்லாத் தகுதியும் இருந்தது. தேடி அகப்பட்ட வரன்தான் ராஜ்மோகன். பையனின் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். அந்த வழியில் குடும்பத்துக்கே நேஷனாலிட்டி. அப்பா சுந்தரமூர்த்தியும் அம்மா உமாமகேஸ்வரியும் பாதி வருஷம் அங்கே, பாதி வருஷம் இங்கே.

ராஜ்மோகனைப் பற்றிப் பஞ்சநாதனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. பாரிஸுக்குப் பக்கத்தில் மூன்றாவது மாடியில் வீடு, லிஃப்ட் உண்டு. குளிர்காலத்தில் சுவரே சூடு கொடுக்கும். ரயிலடிக்கு நடந்தே போகலாம். கார் என்ன நிறம், சோபா என்ன நிறம், குப்பையை எத்தனை விதமாகப் பிரித்துப் போட வேண்டும், எல்லாம் அத்துப்படி. இதையெல்லாம் சொல்ல உமாமகேஸ்வரி நெரவிக்குப் பல தடவை வந்துபோனார். நாத்தனாரை அழைத்துக்கொண்டு வந்து வீட்டைப் பார்த்தார், கொல்லைப்புறம் வரைக்கும் பார்த்தார், பெண்ணையும் பார்த்தார். பையனைத்தான் யாரும் பார்க்கவில்லை. அனுப்பிய போட்டோவில் பின்னால் இருந்த கோபுரம் உச்சிவரை தெளிவாக இருந்தது. முன்னால் நின்றவர் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டிருந்தார். வீடியோ காலில் காட்டுகிறேன் என்று உமாமகேஸ்வரி செல்போனைப் பிடித்தபோது, வெகுநேரம் அவருடைய கம்மலும் மேலே சுற்றுகிற மின்விசிறியும் தெரிந்தன. கடைசியில் பையன் வந்தான். வந்த வேகத்தில் நெட் சிக்கிக்கொண்டது. ஒரு கண் மூடி, வாய் பாதி திறந்த நிலையில் அப்படியே நின்றான்.

“நல்ல லட்சணம்,” என்றார் பஞ்சநாதன்.

பெண் பாரதிப்ரியாவுக்கு இது பொறுக்கவில்லை. அவள் தனியார் மருத்துவமனை ஒன்றில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அதிகம் பேசமாட்டாள். சொன்னால் சொன்னதுதான். ராஜ்மோகன் பத்து நாள் லீவில் ஊருக்கு வந்திருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறுகிறான், அதற்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று தகவல் வந்த அன்று, அப்பாவிடம் வந்து உட்கார்ந்தாள்.

“அப்பா, நான் தட்டத் தூக்கிக்கிட்டு வந்து யாரு முன்னாடியும் நிக்கமாட்டேன். அது ஒண்ணு. ரெண்டாவது, எனக்கு ஆள எடை போடத் தெரியாது. ஒங்களுக்குத் தெரியும். நீங்க அவர நேருல பாருங்க. பேச்சு குடுங்க. ‘இவன நம்பி எம்பொண்ண அனுப்பலாம்’னு ஒங்க மனசுக்குப் பட்டா, நான் மறுபேச்சு பேசமாட்டேன். தலைய நீட்டிடுறேன்.”

“அவ்வளவுதானம்மா?” என்றார் பஞ்சநாதன். பெருமையில் நெஞ்சு நிமிர்ந்தது. இத்தனை எளிய வேலையை யாரும் அவருக்குக் கொடுத்ததில்லை.

வீட்டில் வேண்டாமென்றால் எங்கே பார்ப்பது? கோயிலில் பார்க்கலாம் என்றால் சொந்தக்காரர் கண்ணில் படாமல் காரைக்காலில் எந்தக் கோயிலுக்கும் போக முடியாது. ஹோட்டல் என்றால் உமாமகேஸ்வரிக்கு எண்ணெய் ஒத்துக்கொள்ளாது. அப்போதுதான் ஜவஹர் அலி ஞாபகத்துக்கு வந்தார். பஞ்சநாதனோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவர். கடற்கரைப் பொருட்காட்சியில் அந்த வருஷம் ‘ஜம்போ விஷன்’ என்ற ராட்சதத் திரைக் கூடாரத்தை ஏற்று நடத்திக்கொண்டிருந்தார். வாசலில் பனைமரம் உயரத்துக்கு விளம்பரத் தட்டி: ‘காட்டு கொரில்லா! நேருக்கு நேர்! உங்கள் மடியில் வந்து விழும்!’ தட்டியிலிருந்த கொரில்லாவின் கழுத்தில் யாரோ இளவட்டங்கள் ரோஜா மாலை போட்டு, கீழே ‘வருக வருக அண்ணன்’ என்று எழுதிப் போயிருந்தார்கள்.

“நடுவரிசை முழுக்க ஒனக்குத்தான் பஞ்சு,” என்றார் ஜவஹர் அலி. “வெளிநாட்டுப் படம். பிரான்ஸ்காரவுங்களுக்கு ஏத்தது.”

“நீ பாத்தியா?”

“எனக்கு எங்க நேரம்? பாத்தவன் எவனும் திரும்பி வந்து கொற சொல்லல.”

திரும்பி வரவே இல்லை என்பதைப் பஞ்சநாதன் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. படம் பிரம்மாண்டம், இடம் கௌரவம், யார் கண்ணிலும் படாது. இதில் ஒரே ஒரு சங்கதி மட்டும் அவருக்கும் தோன்றவில்லை, சந்திரலேகாவுக்கும் தோன்றவில்லை, பாரிஸைப் பார்த்த உமாமகேஸ்வரிக்கும் தோன்றவில்லை. சினிமாக் கூடாரம் இருட்டாக இருக்கும். அதிலும் இது த்ரீடி படம், எல்லோருக்கும் கறுப்புக் கண்ணாடி கொடுப்பார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஞ்சநாதன் குடும்பம் சீக்கிரமே வந்து காத்திருந்தது. சுந்தரமூர்த்தி குடும்பம் விளக்கு அணைகிற நேரத்துக்கு வந்தது. முன்னால் உமாமகேஸ்வரி, அவர் முதுகுக்குப் பின்னால் நெட்டையாக ஒருவன். தலையில் தொப்பி, முகத்தில் மாஸ்க்.

“வாங்க தம்பி, பயணமெல்லாம் சௌரியமா இருந்துச்சா?” என்றார் பஞ்சநாதன்.

“சௌரியமா இருந்துச்சுங்க,” என்றார் உமாமகேஸ்வரி. “ஊருத் தூசிதான் இவனுக்கு ஒத்துக்கல. அதான் மாஸ்க்.”

தம்பி தலையை ஆட்டினான். அதற்குள் வாசல்காரர் ஆளுக்கொரு கண்ணாடியைக் கையில் திணித்தார். கொஞ்சம் தெரிந்த நெற்றியும் கண்ணும் அதோடு மறைந்தன.

உட்காருவதில் ஒரு பிரச்சினை வந்தது. ஒரு குடும்பம் முன்வரிசையிலும் ஒரு குடும்பம் பின்வரிசையிலும் உட்கார்ந்தால் முகம் திரும்பிப் பார்க்க வசதியாக இருந்திருக்கும். ஆனால் சம்பந்தி ஆகப் போகிறவர்களுக்கு முதுகைக் காட்டி உட்காருவது மரியாதையா? இரண்டு குடும்பமும் ஒரே வரிசை என்று முடிவானது. பெண்ணும் பையனும் கல்யாணத்துக்கு முன்னால் பக்கத்தில் உட்காரலாமா? கூடாது. ஆகவே பாரதிப்ரியா இந்தக் கோடியில், ராஜ்மோகன் அந்தக் கோடியில். நடுவில் இரண்டு அம்மாக்கள், இரண்டு அப்பாக்கள், பையனின் அத்தை, ஒரு பை நிறைய முறுக்கு. பெண்ணையும் பையனையும் பார்ப்பதற்கென்று வந்தவர்கள், எட்டிப் பார்த்தாலும் மூக்கு நுனிகூடத் தெரியாதபடி எல்லா மரியாதையோடும் அமர்ந்தார்கள்.

படம் ஆரம்பித்தது. முதலில் கம்பெனிகளின் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையிலிருந்து பறந்து வந்து முகத்தில் மோதின. அவை ஓய்ந்ததும் மேகம். நிறைய மேகம். மேகத்துக்குள்ளிருந்து ஒரு குரல், மேடைத் தமிழில், ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற இடைவெளி விட்டுப் பேசியது: “இதோ... இயற்கை அன்னையின்... மர்மத் தொட்டில்...”

“எங்க பாரிஸ்ல இத விடப் பெரிய திரை,” என்றார் சுந்தரமூர்த்தி.

“இருக்காதா பின்ன?” என்றார் பஞ்சநாதன்.

தாடி வைத்த விஞ்ஞானி ஒருவர் வந்தார். அவர் பூட்ஸுக்குக் கயிறு கட்டினார். கயிறு பாம்பாக நீண்டு எல்லோர் மடியிலும் விழுந்தது. சந்திரலேகா காலைத் தூக்கிக்கொண்டார். பிறகு விஞ்ஞானி ஜீப்பில் ஏறினார். ஜீப் சேற்றில் சிக்கியது. ஜீப்பை எடுத்தார்கள். மறுபடி சிக்கியது. பக்கத்து ஊர்க்காரர்களை நிற்கவைத்து ஆடச் சொன்னார்கள், அவர்களும் வேண்டாவெறுப்பாக ஆடினார்கள். கேமராக்காரர் போனில் மனைவியிடம் பேசிக் கண் கலங்கினார். அந்தக் கண்ணீர்த் துளி ஒரு பூசணிக்காய் அளவுக்குப் பெரிதாக உருண்டு வந்தது. மழை பெய்தது. விஞ்ஞானி தன் சின்ன வயதைப் பற்றிச் சொன்னார்.

“கொரில்லா எப்பங்க வரும்?” என்று சுந்தரமூர்த்தி மெதுவாகக் கேட்டார்.

“இப்ப வந்துரும்,” என்றார் பஞ்சநாதன், தானே அதை வளர்த்து வருகிறவரைப் போல.

அங்கே பிடித்தது அவருக்குச் சனியன். படத்தைத் தேர்ந்தெடுத்தது அவர். கொரில்லா வராவிட்டால் பழி யார் மேல்? ‘ஒரு குரங்கைக்கூட ஒழுங்காகக் காட்டத் தெரியாத ஆள், நாளைக்குக் கல்யாணத்தை என்ன லட்சணத்தில் நடத்துவார்’ என்று நினைத்துவிட்டால்? மனிதர் வியர்த்துப்போனார். பையனைப் பார்க்க வந்தவர் பையனை மறந்தார். திரையில் இலை அசையும்போதெல்லாம் நாற்காலி நுனிக்கு வந்தார். ‘பிள்ளையாரப்பா, அந்த மிருகத்தை ஒரே ஒரு தடவை வெளியே அனுப்பு’ என்று வேண்டிக்கொண்டார். பெற்ற பெண்ணின் வாழ்க்கைக்காக அன்று அவர் ஒரு வேண்டுதலும் வைக்கவில்லை, கொரில்லாவுக்காக மட்டும் தேங்காய் நேர்ந்துகொண்டார்.

இடையில் ஒரே ஒரு முறை பொறுப்பு வந்தது. “தம்பிக்குப் படம் புடிச்சிருக்காங்க?” என்று பக்கத்தில் கேட்டார். சுந்தரமூர்த்தி அதை உமாமகேஸ்வரியிடம் கொடுத்தார். “புடிச்சிருக்காம்,” என்று பதில் உடனே திரும்பி வந்தது. பையன் வரைக்கும் கேள்வி போய்ச் சேர நேரமே இருந்திருக்காது.

திரையில் குரல் நடுங்கியது: “அவை... மிக அருகில்... இருக்கின்றன!” கூடாரம் மூச்சைப் பிடித்தது. புதர் விலகியது. ஏழு ஆள் உயரத்துக்கு, பளபளப்பாக, ஆவி பறக்க, முன்னால் வந்து நின்றது கொரில்லாவின் சாணம். விஞ்ஞானி அதை ஒரு குச்சியால் கிளறிக் காட்டினார். முன்வரிசைக்காரர்கள் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். உமாமகேஸ்வரி முறுக்கைப் பையில் போட்டு மூடினார். பின்னாலிருந்து ஒருவர், “யோவ், இத பாக்கவா வந்தோம்? வீட்டுக் கொல்லையிலயே கெடக்குதே!” என்று கத்தினார்.

கடைசியாக வந்தது கொரில்லா. உண்மையிலேயே வந்தது. முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருந்தது. அகலமான முதுகு, நடுவில் நரைத்த மயிர், தோளுக்குக் கீழே ஒரு பழைய தழும்பு. ஏதோ இலையை மென்றுகொண்டிருந்தது. காது அசைந்தது. திரும்பப் போகிறது என்று ஊரே நிமிர்ந்தபோது, எழுந்து, அப்படியே முன்னால் நடந்து, காட்டுக்குள் போய்விட்டது. ‘காடுகளைக் காப்போம்’ என்று எழுத்து விழுந்தது. விளக்குப் போட்டார்கள்.

வெளியே டெல்லி அப்பளக் கடைக்குப் பக்கத்தில் இரண்டு குடும்பமும் நின்றன. கடல் காற்றில் மணல் பறந்தது. மாஸ்க்கைக் கழற்ற உமாமகேஸ்வரி விடவில்லை. கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்க ராஜ்மோகன் மறந்துவிட்டான் போலும், மூக்கிலேயே இருந்தது.

“படம் பிரமாதங்க,” என்றார் சுந்தரமூர்த்தி. வேறென்ன சொல்வார்? அழைத்தது பெண் வீட்டார்.

“நல்ல கருத்துள்ள படம்,” என்றார் சந்திரலேகா.

“கொரில்லாவ தத்ரூபமா எடுத்திருக்கான்,” என்றார் பஞ்சநாதன்.

“இனிமே பேச என்ன இருக்கு?” உமாமகேஸ்வரி குரலை உயர்த்தினார். “எங்களுக்கு முழுச் சம்மதம். பொண்ண ராஜ்மோகனுக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு. நீங்களும் ஒரு வார்த்த சொல்லிட்டா ஞாயித்துக்கெழம அவன் நிம்மதியா பிளைட் ஏறுவான். என்ன சம்பந்தி?”

சம்பந்தி! அந்தச் சொல்லைக் கேட்டதும் பஞ்சநாதனுக்குத் தலை கிறுகிறுத்தது. சகலையின் முகம் எப்படிச் சுருங்கும் என்று கண் முன்னால் தெரிந்தது. சரி என்று சொல்ல வாயைத் திறந்தவரின் சட்டைக் கையை யாரோ தொட்டார்கள். பாரதிப்ரியா.

“ஒரு நிமிஷம் வாங்கப்பா.”

அப்பளக் கடையின் மறுபக்கத்துக்கு அவரை அழைத்துப் போனாள்.

“எப்புடிப்பா இருக்காரு?”

“நல்ல பையன்ம்மா. மூணாவது மாடி. லிப்ட்டு...”

“அது தெரியும்பா. ஆளு?”

“ஆளு...” என்று ஆரம்பித்தார். “நல்ல ஒசரம்.”

“மொகம் எப்புடி? சிரிச்சாரா? என்ன பேசுனாரு ஒங்ககிட்ட?”

பஞ்சநாதன் யோசித்தார். அவனைப் பார்த்த நேரத்தையெல்லாம் கூட்டிப் பார்த்தார். தொப்பி வந்தது, மாஸ்க் வந்தது, கண்ணாடி வந்தது. அவற்றுக்கு நடுவில் ஒன்றுமே இல்லை. விஞ்ஞானியின் பூட்ஸ் கயிறு நினைவிருந்தது. கொரில்லாவின் முதுகை இப்போது கேட்டாலும், தழும்பு எந்தத் தோளில் என்று சொல்லிவிடுவார். பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறவனின் மூக்கு சப்பையா, கூரா என்று தெரியாது. குரல் தெரியாது.

பாரதிப்ரியா பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் சண்டை போட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். கத்தி அடக்கியிருப்பார். அவள் சண்டை போடவில்லை. கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் ஒற்றிக்கொண்டு, “சரிப்பா. நீங்க சரின்னா சரி. நான் சொன்னது சொன்னதுதான்,” என்றாள்.

பஞ்சநாதன் அவளைப் பார்த்தார். இந்தப் பெண் சின்ன வயதில் ஊசி போட வந்தால்கூட, அப்பா பக்கத்தில் இருந்து சரி என்று சொன்னால் கையை நீட்டிவிடுவாள். இப்போதும் நீட்டுகிறாள். தான் எவ்வளவு பெரிய மடையன் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு மேலே பயமாக இருந்தது. திரும்பி நடந்தார்.

“என்ன சம்பந்தி, தேதி பாத்துரலாமா?” என்றார் உமாமகேஸ்வரி.

பஞ்சநாதன் தொண்டையைச் செருமினார். “நாங்க வீட்டுக்குப் போயி, கலந்து பேசிட்டு, சொல்லி அனுப்புறோங்க.”

இது மாப்பிள்ளை வீட்டார் சொல்கிற வசனம். கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டு, கை கழுவி, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு அவர்கள் சொல்வார்கள். பெண் வீட்டார் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வார்கள். இந்தப் பக்கத்திலிருந்து அது புறப்பட்டு உமாமகேஸ்வரி கேட்டதே இல்லை. முதலில் அவருக்குப் புரியவில்லை.

“யாரு சொல்லி அனுப்புறது? நீங்களா?”

“நாங்கதாங்க.”

“இது பிரான்ஸ் மாப்பிள்ளைங்க!” என்றார் சுந்தரமூர்த்தி, விலாசம் மாறி வந்தவருக்கு வழி சொல்கிற தோரணையில்.

“தெரியுங்க. அது ஒண்ணுதான் தெரியுது. தம்பி யாருன்னு எனக்குத் தெரியல. மொகத்தக்கூட இன்னும் பாக்கல. பாக்காம எம்பொண்ணு விஷயத்துல வாக்குக் குடுக்க என்னால ஆகாது. தப்பா நெனைக்காதீங்க.”

உமாமகேஸ்வரி பதில் சொல்ல மூச்சை இழுத்தார். அதற்குள் அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய பெருமூச்சு கேட்டது. ராஜ்மோகன் கண்ணாடியைக் கழற்றினான். மாஸ்க்கை இழுத்துக் கீழே விட்டான். தொப்பியையும் எடுத்துவிட்டான். உள்ளே இருந்தது சாதாரண முகம். கொஞ்சம் தூக்கலான முன்பல், காதுவரைக்கும் மாஸ்க் நாடா பதிந்த கோடு, வியர்வை. பரீட்சையைத் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட மாணவனைப் போல அந்த முகம் முழுக்க நிம்மதி. இவனையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது பஞ்சநாதனுக்கு அப்போதுதான் உறைத்தது.

“டேய், தூசி,” என்றார் உமாமகேஸ்வரி.

“இருக்கட்டும்மா,” என்றான். பிறகு பஞ்சநாதனை நேராகப் பார்த்து, “ரொம்ப தேங்ஸ்ங்க மாமா. நானும் இத எப்புடிச் சொல்றதுன்னு தெரியாம நாலு நாளா தவிச்சுக்கிட்டு இருந்தேன். ஒங்க பொண்ணு மொகத்த நானும் இன்னும் பாக்கல,” என்றான். கொஞ்சம் தயங்கினான். “அப்பறம்... தப்பா நெனைக்காதீங்க மாமா. படத்துல கொரில்லாவே இல்லீங்களே!”

அப்பளக் கடைப் பக்கமிருந்து களுக்கென்று சிரிப்புச் சத்தம் வந்தது. பாரதிப்ரியா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பொத்தியும் அடங்கவில்லை. ராஜ்மோகன் சத்தம் வந்த திசையில் திரும்பினான், திரும்பியவன் அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றான்.

பஞ்சநாதன் அவனைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், மறுபடி அவனைப் பார்த்தார். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பாவிப்பயலே, இந்த மூஞ்சியை ஒரு நிமிஷம் முன்னால் காட்டித் தொலைத்திருக்கக் கூடாதா?